ஏழு பற்களின் பொறுப்பு

அமெரிக்காவின் ஓஹையோ மாகாணத்தில், ஈரி ஏரியின் கரையோரமாக, காம்ப் பெர்ரி என்று பெயர் பெற்ற விசாலமான மைதானம் ஒன்று உண்டு. 1907-ஆம் ஆண்டு தொடங்கி, சில இடையீடுகள் நீங்கலாக, அந்நாட்டின் தேசியத் துப்பாக்கிப் போட்டிகள் அங்கே நடைபெற்று வருகின்றன. ராணுவத்தினருக்குச் சமமாக சாதாரணக் குடிமக்களும் வரிசையில் நின்று குறி பார்க்கும் அந்த மைதானத்தில், 200 கஜ தூரத்தில் உட்கார்ந்தபடி 60 விநாடிகளுக்குள் பத்துத் தோட்டாக்களையும், 300 கஜ தூரத்தில் குப்புறப் படுத்தபடி 70 விநாடிகளுக்குள் பத்துத் தோட்டாக்களையும், நடுவே மேகசினை ஒருமுறை மாற்றிக்கொண்டு, சுட்டு முடிக்க வேண்டும் என்பது நெடுங்கால விதி. கண்ணின் கூர்மை, மூச்சின் அடக்கம், விரலின் நிதானம் ஆகிய இவை யாவும் சுடுபவருடைய சொந்த அப்பியாசத்தால் வருபவை. ஆனால் ரைபிளின் வயிற்றுக்குள்ளே இருந்துகொண்டு, ஒவ்வொரு வெடிக்கும் பின்னே ஓடி, வெற்று உறையை இழுத்து எறிந்து, புதுத் தோட்டாவைத் தள்ளிக்கொண்டு முன்னே வந்து பூட்டிக்கொள்கிறதே ஓர் எஃகுத் துண்டு, அதன் நடத்தை மட்டும் அவருடைய அப்பியாசத்துக்கு உட்பட்டதன்று. அது ஒருமுறை தயங்கி நின்றுவிட்டால், ஓராண்டுப் பயிற்சி அந்த ஒரு நிமிஷத்திலே வீணாகிவிடும்.

போல்ட் கேரியர் தொகுதி என்று அதற்குப் பெயர். 1990-களிலிருந்து அந்த மைதானத்தில் பழைய எம்.1 காரண்டையும் எம்.14-ஐயும் பின்தள்ளி முன்னணிக்கு வந்துவிட்ட ஏ.ஆர்.-15 வகை ரைபிளின் இதயம் என்று அதைச் சொன்னால் மிகையாகாது. முந்நூறு கிராமுக்குச் சற்று அதிகமான எடையுள்ள இந்தத் தொகுதி, உழைத்து உழைத்துத் தேய்வது இயற்கை. தேய்ந்தபின் வேறொன்று வாங்கிப் போட வேண்டியதும் இயற்கை. அமெரிக்க மத்தியச் சட்டத்தில், வரிசை எண் பொறித்த உடற்பகுதி ஒன்றுதான் 'துப்பாக்கி' என்று கருதப்படுகிறது; மற்ற உறுப்புகள் வெறும் உதிரிபாகங்களே. ஆயுதத்தின் உறுப்புகளையும் ஆயுதம் என்றே வரையறுத்திருக்கிற நம் நாட்டு 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். ஆகவே அந்நாட்டில் கடிகாரத்துக்கு வார் வாங்குவதைப் போலத் தபாலிலேயே இதனை வரவழைத்துக்கொள்ள முடிகிறது. தேர்ந்தெடுக்கும் பொறுப்பு முழுவதும் வாங்குகிறவர் தலைமேல் விழுகிறது. கறுப்பு நிறம், வெள்ளி நிறம், பொன் நிறம் என்று பலவித மெருகுகளோடும், விளம்பர வாசகங்களோடும், ஒன்றுக்கொன்று பன்மடங்கு வித்தியாசப்படும் விலைகளோடும் கடைகளில் குவிந்து கிடப்பவற்றுள் எதை நம்புவது என்பதே கேள்வி. பெரும்பாலோர் தோலைப் பார்த்து விலை கொடுக்கிறார்கள் என்பதும், பார்க்க வேண்டியது தோலை அன்று, உள்ளே பெருவிரல் பருமனில் ஒளிந்திருக்கும் போல்ட்டையும், மெருகு ஏறுவதற்கு முன்பு அதற்கு என்ன நேர்ந்தது என்பதையுமே என்பதும் என்னுடைய திடமான அபிப்பிராயம்.

இவ்வகை ரைபிளின் பெயர் அந்நாட்டிலே பள்ளிக்கூடங்களிலும் கடைத்தெருக்களிலும் நடந்த கொடும் படுகொலைகளோடு சேர்ந்து அடிபடுவதை அறியாமல் இதை எழுதவில்லை. அதை யார் வைத்திருக்கலாம், எந்த நிபந்தனையோடு வைத்திருக்கலாம் என்பது அந்நாட்டு மக்கள் மிகுந்த மனவேதனையோடு வாதித்துவரும் விஷயம். போட்டி மைதானத்திலும் வேட்டைக் காட்டிலும் சட்டப்படி அதைக் கையாளுகிறவருடைய கன்னத்துக்கு இரண்டு விரற்கடை தூரத்தில் ஒவ்வொரு தடவையும் ஒரு வெடிப்பு நிகழ்கிறது என்பதும், அந்த வெடிப்பை அடக்கி வைக்கும் உறுப்பு யோக்கியமானதாக இருக்க வேண்டும் என்பதும் அந்த வாதத்துக்குப் புறம்பான, தனியே கவனிக்கத்தக்க உண்மைகள்.

இந்த யந்திரத்தைக் கற்பனை செய்தவர் யூஜின் ஸ்டோனர். 1922-இல் இந்தியானா மாகாணத்தில் பிறந்து, இரண்டாம் உலக யுத்தத்தில் மரைன் படையின் விமான ஆயுதப் பிரிவில் பணிபுரிந்து, பின்னர் ஃபேர்சைல்டு விமானக் கம்பெனியின் கிளையாக 1954-இல் கலிபோர்னியாவில் தோன்றிய ஆர்மலைட் என்னும் சிறிய நிறுவனத்தில் சேர்ந்தவர். 1956-இல் அவர் விண்ணப்பித்து 1960-இல் பெற்ற காப்புரிமைப் பத்திரத்தின் தலைப்பே, வாயுவால் இயங்கும் போல்ட்டும் அதன் கேரியரும் சேர்ந்த அமைப்பு என்பதுதான். அதற்கு முன்பும் வாயுவால் இயங்கும் துப்பாக்கிகள் உண்டு. ஆனால் அவற்றில் குழலுக்குக் கீழே அல்லது மேலே தனியாக ஒரு பிஸ்டனும், அதனோடு இணைந்த தண்டும் இருக்கும். ஸ்டோனரோ, வாயுவை ஒரு மெல்லிய குழாய் வழியே நேராகக் கேரியரின் உட்குடைவுக்கே கொண்டுவந்து, போல்ட்டையே பிஸ்டனாகவும் கேரியரையே உருளையாகவும் மாற்றிவிட்டார். பூட்டும் பற்களை வட்டமாகப் பல எண்ணிக்கையில் அமைக்கும் யோசனை மட்டும் மெல்வின் ஜான்சன் 1941-ஆம் ஆண்டு ரைபிளில் கையாண்டது. அந்த ஜான்சனே பின்னாளில் ஆர்மலைட்டுக்கு ஆலோசகராகவும் இருந்தார். 1959-இல் உரிமையை விலைக்கு வாங்கிய கோல்ட் நிறுவனம், 1964-இல் பொதுமக்களுக்கென்று ஒரு விளையாட்டு வடிவத்தை விற்கத் தொடங்கியது. ஸ்டோனர் 1997-இல் காலமானார். அவருடைய அமைப்போ, சாராம்சத்தில் ஏதும் மாறாமல் இன்றளவும் உற்பத்தியாகி வருகிறது.

அது இயங்கும் விதத்தைத் தெரிந்துகொண்டால்தான் எங்கே தேயும், எங்கே உடையும் என்பது விளங்கும். குழலின் பின்முனையில் உட்பற்கள் வெட்டிய வளையம் ஒன்று திருகப்பட்டிருக்கிறது. போல்ட்டின் தலையிலுள்ள ஏழு பற்கள், எட்டாவது பல் இருக்க வேண்டிய இடத்தில் அமர்ந்திருக்கும் எக்ஸ்ட்ராக்டர் என்னும் கொக்கியோடு, அந்த வளையத்தின் இடைவெளிகளுக்குள் நுழைந்து, சுமார் 22½ பாகை திரும்பிப் பூட்டிக்கொள்கின்றன. அழுத்தச் சமையற்கலத்தின் மூடியை வைத்துத் திருகியதும் அதன் விளிம்புகள் பாத்திரத்தின் காதுகளுக்கு அடியிலே போய் அமர்ந்துகொள்வதை இதற்கு ஒப்பிடலாம். தோட்டா வெடித்ததும், .223 ரெமிங்டன் வகையாயின் சதுர அங்குலத்துக்கு 55,000 பவுண்டு வரை எழத்தக்க அழுத்தம், அந்த ஏழு பற்களின் மேலே வந்து மோதுகிறது. குண்டு குழலைக் கடந்து செல்கையில், வழியிலுள்ள துவாரத்தின் மூலம் சிறிதளவு வாயு பிரிந்து, குழாய் வழியே பின்னோக்கி வந்து, கேரியரின் முதுகில் திருகி வைத்த கேஸ் கீ என்னும் கொண்டைக்குள் புகுந்து, கேரியருக்கும் போல்ட்டுக்கும் நடுவே விரிகிறது. போல்ட்டின் வாலில் இருக்கும் மூன்று மெல்லிய வளையங்கள் அந்த வாயு கசியாமல் தடுக்கின்றன. கேரியர் பின்னே நகர, அதன் சாய்வான வெட்டுக்குள் ஓடும் கேம் பின் என்னும் முளை போல்ட்டைத் திருப்பிப் பூட்டவிழ்க்க, வேலை முடித்த வாயு வலப்புறமுள்ள இரண்டு துவாரங்களின் வழியாக வெளியே பாய்ந்துவிடுகிறது. இவ்வளவும் கண் இமைக்கும் நேரத்தில் ஒரு சிறு பகுதிக்குள் நிகழ்ந்து முடிகின்றன.

ஆக, போல்ட்டின் ஆயுளை நிர்ணயிக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, கேம் பின் நுழைவதற்காக அதன் உடம்பை ஊடுருவித் துளைத்த துவாரம். அங்கே இருபுறமும் எஞ்சியுள்ள எஃகு மெலிந்திருப்பதால், களைப்புற்ற உலோகம் அந்த இடத்தில்தான் முதலில் விரிசல் காட்டும். மற்றொன்று, எக்ஸ்ட்ராக்டரின் இரு மருங்கிலும் நிற்கும் பற்கள். அடுத்த பல் ஒன்று இல்லாத குறையால் அவற்றுக்குப் பக்கத்துணை குறைவு, ஆகவே பல் உடைந்தால் பெரும்பாலும் அவற்றில் ஒன்றுதான் உடையும். இவற்றுக்கு எவ்வளவு சீக்கிரம் முடிவு வரும் என்பது குழலைப் பொறுத்தது. ஸ்டோனர் வகுத்த நீண்ட ரைபிளில் வாயு பிரியும் துவாரம், தோட்டா அமரும் அறையிலிருந்து சுமார் 13 அங்குலம் தள்ளி இருந்தது. குட்டையான கார்பைன்களில் அது 8 அங்குலத்துக்கும் குறைவான தூரத்துக்கு நெருங்கி வந்துவிட்டது. நெருங்கிய துவாரத்தில் வாயுவின் அழுத்தமும் அதிகம், அறைக்குள் அழுத்தம் தணிவதற்கு முன்பே போல்ட் திரும்பத் தொடங்கும் நிர்ப்பந்தமும் அதிகம். ஆகையால், ஒரே தரமான போல்ட், நீண்ட குழலில் அமைதியாக நெடுங்காலம் வாழ்ந்து, குறுங்குழலில் அற்பாயுளாக முடிவதைக் கண்டு அதைச் செய்தவரைப் பழிப்பது நியாயமன்று.

இங்கேதான் எஃகின் பேச்சு வருகிறது. பென்சில்வேனியாவின் ரெடிங் நகரில் 1889-இல் தோன்றிய கார்ப்பென்டர் எஃகுக் கம்பெனியின் 158 என்னும் வகையை, அமெரிக்க ராணுவம் போல்ட்டுக்கென்று நிர்ணயித்தது. சுமார் 3½ சதவீதம் நிக்கலும் 1½ சதவீதம் குரோமியமும் கலந்த அந்த எஃகில் கார்பன் மிகக் குறைவு. கார்பன் குறைந்ததனால் உட்புறம் நெகிழ்ந்து கொடுக்கும் தன்மையோடு இருக்கும். மேற்புறத்தில் மட்டும் கார்பனை ஊட்டிக் கடினமாக்குவார்கள். புறத்தே தேயாமை, அகத்தே முறியாமை என்னும் இரண்டு குணங்களும் ஒரே துண்டில் கூடுவது அப்படித்தான். இன்று சந்தையில் 9310 என்னும் இலக்கமுடைய மற்றோர் எஃகிலும் போல்ட்டுகள் ஏராளமாக வருகின்றன. விமானப் பற்சக்கரங்களுக்குப் பயன்படும் உயர்ந்த ஜாதி எஃகு அது. நிக்கல், குரோமியத்தோடு சிறிது மாலிப்டினமும் சேர்ந்தது. இரண்டில் எது சிறந்தது என்று வாங்குவோர் இடைவிடாது தர்க்கம் செய்கிறார்கள். என்னைக் கேட்டால், இரண்டுமே போதுமானவை. அவற்றை வேறுபடுத்துவது பெயரன்று, உஷ்ணத்தில் பதப்படுத்திய கைத்திறன். செவ்வையாகப் பதப்படுத்திய 9310, அலட்சியமாகப் பதப்படுத்திய 158-ஐ எளிதில் வெல்லும். எஃகின் பெயரையே சொல்லாமல் 'விமானத் தரம்' என்றோ 'விசேஷக் கலவை' என்றோ மொட்டையாக விளம்பரம் செய்கிறவரிடம் வாங்காமல் நகர்ந்துவிடுவதே நலம். கேரியரைப் பற்றி இவ்வளவு கவலை தேவையில்லை. 8620 எஃகில் செய்த கேரியர், பெரும்பாலும், தன் எஜமானனைவிட நீண்ட நாள் வாழும்.

எஃகுக்கு அடுத்தபடியாக, சோதனை. ராணுவ விதிப்படி ஒவ்வொரு போல்ட்டும் இரண்டு பரீட்சைகளில் தேற வேண்டும். முதலில், வழக்கமானதைக் காட்டிலும் மிகுந்த அழுத்தம் எழுப்பும் விசேஷத் தோட்டா ஒன்றை அதில் வைத்துச் சுடுவார்கள். பிறகு அதைக் காந்தமேற்றி, ஒளிரும் இரும்புத் துகள் கலந்த திரவத்தில் நனைத்து, இருட்டறையில் புற ஊதா விளக்கின் கீழே பிடித்துப் பார்ப்பார்கள். நல்ல போல்ட்டாக இருந்தால் ஊதா நிழலில் மங்கலாகத் தெரியும், அவ்வளவே; எங்கேனும் மயிரிழை அளவு விரிசல் இருந்தால், அங்கே காந்தப்புலம் கசிந்து துகள்களை இழுத்துச் சேர்த்துக்கொள்ள, பற்களின் அடியிலோ துவாரத்தின் ஓரத்திலோ பசுமஞ்சள் நிறத்தில் ஒரு கோடு பளிச்சென்று எரியும். பகல் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் அகப்படாத விரிசல் அது. இந்த வரிசை முக்கியமானது: அழுத்தத்துக்கு உள்ளாக்கிய பின்பு விரிசல் தேடினால்தான், அழுத்தம் திறந்துவிட்ட குறையும் பிடிபடும். தேறிய போல்ட்டின் தலையோரத்தில் அழுத்தச் சோதனைக்கும் காந்தச் சோதனைக்கும் அடையாளமாகச் சுருக்கெழுத்துகளைப் பொறிப்பார்கள்.

ஆனால் எழுத்தைப் பொறிப்பது சுலபம். ஆகவே வாங்குகிறவர் விற்பவரிடம் கேட்டே தீர வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்தீர்களா, அல்லது ஒரு தொகுப்புக்கு ஒன்றிரண்டை எடுத்துப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்கும் முத்திரை வைத்தீர்களா? இரண்டாவது முறை மோசடி என்று நான் சொல்லவில்லை. உற்பத்தி சீராக நடக்கும் தொழிற்சாலையில் அதற்கும் அர்த்தம் உண்டு. ஆயினும் விரிசல் என்பது தொகுப்பாகப் பிறப்பதன்று; ஒவ்வொரு துண்டிலும் தனித்தனியே பிறப்பது. நேராகக் கேட்டால் நேராகப் பதில் சொல்லும் உற்பத்தியாளர்கள் பலர் இருக்கிறார்கள். 'மில்-ஸ்பெக்' என்ற சொல்லை மட்டும் மந்திரம்போல உச்சரித்துவிட்டு, எந்த விதியின் எந்த ஷரத்தை நிறைவேற்றினோம் என்று சொல்ல மாட்டாதவர்களும் பலர் இருக்கிறார்கள். முன்னவரிடம் கொஞ்சம் அதிகக் கிரயம் கொடுப்பது வீண்செலவன்று.

இனி, கண்ணைப் பறிக்கும் மேற்பூச்சுகள். மாங்கனீஸ் பாஸ்பேட் என்னும் கறுஞ்சாம்பல் நிறப் பூச்சே ராணுவத்தில் நிலைபெற்றது. எண்ணெயைப் பிடித்துவைக்கும், துருவைத் தடுக்கும், அழகு ஒன்றும் இராது. கேரியரின் உட்குடைவிலும் கேஸ் கீயின் உட்புறத்திலும் மட்டும் கடினக் குரோமியம் பூச வேண்டும் என்பது விதி; சூடான வாயு நேரே பாயும் இடங்கள் அவைதாம். நிக்கல் போரான், வைரத்தை ஒத்த கார்பன் படலம் முதலியன துடைப்பதற்கு எளிதாக இருக்கும் என்பது மெய்யே. அந்தச் சௌகரியத்துக்காக விரும்பி வாங்குவோரை நான் குறை கூறேன். ஆனால் பூச்சு ஏற்றும் செய்முறையே போல்ட்டுக்குத் தீங்கு செய்யக்கூடும் என்பதைப் பலர் நினைப்பதில்லை. மின்சாரம் பாய்ச்சிக் குரோமியம் ஏற்றும்போது ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மையுடையதாக்கிவிடும். பூச்சு முடிந்தவுடன் உலையில் வைத்துச் சூடாக்கி அதை வெளியேற்ற வேண்டும். நைட்ரைடு முறையில் 500 டிகிரி செல்சியஸுக்கும் மேற்பட்ட உஷ்ணமுள்ள உப்புக் குழம்பில் உறுப்பை மூழ்க வைக்கிறார்கள். கார்பன் ஊட்டித் தாழ்ந்த உஷ்ணத்தில் பதப்படுத்திய மேற்புறம் அந்தச் சூட்டில் இளகிவிடாதபடி முன்கூட்டியே திட்டமிட்டிருந்தாலன்றி, பளபளப்பைச் சம்பாதித்து வலிமையை இழந்த கதையாகிவிடும். கேரியருக்கு எந்தப் பூச்சும் இருக்கட்டும். போல்ட்டுக்கு எளிய பாஸ்பேட்டே போதும் என்பது என் தீர்மானம்.

தபாலில் வந்த பொட்டலத்தைப் பிரித்ததும் வாங்கியவர் தாமே செய்யக்கூடிய பரிசோதனைகள் சில உண்டு. அவற்றுள் தலையாயது கேஸ் கீயைப் பார்ப்பது. அந்தக் கொண்டையைக் கேரியரோடு பிணைப்பவை இரண்டே திருகாணிகள். ஆயிரக்கணக்கான தடவை சூடாகியும் குளிர்ந்தும் அதிரும் இடத்தில், திருகாணி தானாகவே கழலத் தொடங்கும். கழன்றால் வாயு கசியும். கசிந்தால் கேரியர் முழுத் தூரம் பின்னோடாது. வெற்று உறை வெளியேறாமல் சிக்கும், அல்லது அடுத்த தோட்டாவை எடுக்காமலே மூடிக்கொள்ளும். ஆகையால் திருகாணிகளை இறுக்கிய பின், கொண்டையின் விளிம்பு உலோகத்தை உளியால் அடித்துத் திருகாணித் தலையின் வரிகளுக்குள்ளே தள்ளிவிட வேண்டும். ஸ்டேக்கிங் என்று தொழிலில் சொல்வது இதைத்தான். நன்றாக அடித்த இடத்தை ஒரு லென்ஸ் வழியே பார்த்தால், விளிம்பிலிருந்து உலோகம் அலைபோல ஒதுங்கிச் சென்று திருகாணித் தலையைக் கவ்விப் பிடித்திருப்பதும், தலையின் வட்டமே அந்த இடத்தில் சிறிது நசுங்கியிருப்பதும் தெரியும். கவனமின்றி அடித்த இடத்திலோ, விளிம்பின் மேல் ஒரு பொட்டுக் குழி மட்டும் இருக்கும். குழிக்கும் திருகாணிக்கும் இடையே நகக்கண் நுழையும் இடைவெளி தெளிவாகத் தெரியும். விலையுயர்ந்த தொகுதிகளிலும் இத்தகைய பொட்டுக் குழிகள் அரியனவல்ல. சில நூறு தோட்டாக்களைச் சுட்ட பின்பு கொண்டையின் அடியைச் சுற்றிக் கரிக்கோடு படிந்திருந்தால், அங்கே வாயு கசிகிறது என்பது பிரத்தியட்சமான சாட்சி.

மூன்று வாயு வளையங்களைச் சோதிப்பதற்குக் கருவியே வேண்டாம். தொகுதியை வெளியே எடுத்து, போல்ட்டை முழுவதும் முன்னே இழுத்துவிட்டு, போல்ட்டின் முகம் மேஜையில் படும்படி செங்குத்தாக நிறுத்த வேண்டும். வளையங்கள் நன்றாயிருந்தால், மேலே நிற்கும் கேரியர் அப்படியே நிற்கும். தேய்ந்திருந்தால், தன் பாரத்தினாலேயே வழுக்கிக் கீழே இறங்கிவிடும். வளையங்களின் வாய்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசையாய் நின்றால் வாயு தப்பிவிடும் என்று பழைய பயிற்சியாளர்கள் அச்சுறுத்துவதுண்டு. அது அவ்வளவு பெரிய அபாயமன்று. சுடும்போது அவை தாமாகவே நகர்ந்துகொண்டிருக்கும்.

இந்த இடத்தில், தொகுதி முழுவதையும் மாற்றுவது அவசியந்தானா என்ற கேள்வியை எழுப்பாமல் போவதற்கு என் மனம் ஒப்பவில்லை. வியட்நாம் யுத்தத்தில் 1966-67-ஆம் ஆண்டுகளில், இதே அமைப்பின் ராணுவ வடிவமான எம்.16 ரைபிள்கள் போர்முனையிலே சிக்கிக்கொண்டு பல இளைஞர்களின் உயிருக்கு உலை வைத்தபோது, குற்றம் ஸ்டோனருடைய அமைப்பின் மேல் சுமத்தப்பட்டது. ஆனால் நாடாளுமன்ற உறுப்பினர் ரிச்சர்ட் ஐக்கார்டு தலைமையில் விசாரித்த குழு 1967 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை வேறு காரணங்களைச் சுட்டியது. ரைபிளை வடிவமைக்கையில் கருதிய ஐ.எம்.ஆர். வகை மருந்துக்குப் பதிலாக உருண்டை மருந்தைத் தோட்டாவில் நிரப்பியிருந்தார்கள். அதனால் யந்திரத்தின் வேகம் மிகுந்தது, கசடும் மிகுந்தது. ஈரம் நிறைந்த தேசத்தில் குரோமியம் பூசாத அறை துருப்பிடித்துக் குழிவிழ, வெற்று உறைகள் அதில் ஒட்டிக்கொண்டன. துடைப்பதற்குரிய சாமான்களும் போதவில்லை, துடைக்க வேண்டும் என்ற போதனையும் போதவில்லை. அறைக்குக் குரோமியம் பூசி, சாமான்களையும் போதனையையும் வழங்கிய பின்பு அதே அமைப்பு நன்றாகவே உழைத்தது.

போட்டிக்காரருடைய ரைபிளிலும் நிலைமை இதுதான். உறை சிக்குகிறது என்றால், முதலில் மேகசினை மாற்றிப் பார்க்க வேண்டும், பிறகு தோட்டாவை, பிறகு அறையைத் துடைத்துப் பார்க்க வேண்டும். எக்ஸ்ட்ராக்டரின் அடியிலே ஒரு சிறு ஸ்பிரிங்கும், அதன் நடுவே ஒரு ரப்பர் துண்டும் இருக்கின்றன. அந்த ஸ்பிரிங் சோர்ந்துவிட்டால் கொக்கி உறையின் விளிம்பைக் கவ்வாமல் நழுவும். குறுங்குழல் கார்பைன்களுக்கென்று வலுவான, செம்பு நிற ஸ்பிரிங் ஒன்று வழக்கத்தில் இருக்கிறது. மிகச் சொற்ப விலையுள்ள அந்தச் சுருளையும், வாயு வளையங்களையும் மாற்றியதும் குணமடைந்துவிடும் ரைபிளுக்காக, முழுத் தொகுதியும் வாங்கி வந்து பெட்டியை நிரப்புவோர் எத்தனையோ பேர். பல் உடைந்திருந்தாலோ, துவாரத்தில் விரிசல் கண்டாலோ, முகத்தில், தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஃபயரிங் பின் வெளிவரும் ஓட்டையைச் சுற்றி வாயு அரித்துப் பள்ளம் விழுந்திருந்தாலோ மாத்திரமே, குழல் மாறாதவரை, போல்ட்டுக்கு விடை கொடுக்க வேண்டும். அப்பொழுதும் கேரியர் நல்ல நிலையில் இருக்குமாயின், போல்ட்டை மட்டும் வாங்கினால் போதும். அதே பணத்தில் இன்னும் உயர்ந்த போல்ட் கிடைக்கும்.

தோட்டாவின் வகையையும் பார்த்தே வாங்க வேண்டும். .223-க்கும் 5.56-க்கும் .300 பிளாக்அவுட்டுக்கும் போல்ட் ஒன்றே. 7.62×39 தோட்டாவின் அடிவிளிம்போ பெரிது: .223-க்கு 0.378 அங்குலம், அதற்கு 0.447 அங்குலம். போல்ட்டின் புறச்சுற்று மாறாமல் முகத்தை மட்டும் அகலமாகக் குடையும்போது சுவர் மெலிகிறது; ஆகவே அத்தகைய போல்ட்டுகளில் எஃகைப் பற்றியும் சோதனையைப் பற்றியும் இரட்டிப்புக் கவனம் தேவை. ஏ.ஆர்.-10 வகைப் பெரிய ரைபிள்களில் தொல்லை வேறுவிதம்: ஆர்மலைட் மாதிரி ஒன்று, டி.பி.எம்.எஸ். மாதிரி ஒன்று என்று இரண்டு பரம்பரைகள் இருக்கின்றன. ஒன்றின் உறுப்பு மற்றதற்குப் பொருந்தும் என்று எண்ணி வாங்கலாகாது.

புதுப் போல்ட்டைப் பொருத்தியதும் சுடும் மைதானத்துக்கு ஓடிவிடாமல், முதலில் ஹெட்ஸ்பேஸ் பார்க்க வேண்டும். அறைக்குள் தோட்டா முன்புறம் சென்று முட்டும் தோளிலிருந்து பூட்டிய போல்ட்டின் முகம் வரையுள்ள தூரம் அது; .223-க்குக் குறைந்தபட்சம் 1.4636 அங்குலம். இதற்காக 'கோ', 'நோ-கோ' என்று எஃகு அளவுகோல்கள் விற்கிறார்கள். போல்ட்டிலிருந்து எக்ஸ்ட்ராக்டரையும், வெற்று உறையை வெளியே தள்ளும் எஜெக்டரையும் கழற்றி வைத்துவிட்டு, பலவந்தம் செய்யாமல், விரலின் மென்மையோடு மூடிப் பார்க்கையில், 'கோ' அளவுகோலின் மேல் போல்ட் பூட்டிக்கொள்ள வேண்டும். 'நோ-கோ' அளவுகோலின் மேல் பூட்டிக்கொள்ளாமல் நிற்க வேண்டும். 'நோ-கோ'வின் மேலும் பூட்டிக்கொள்ளுமானால், அதை அப்படியே பயன்படுத்தாமல், அனுபவமுள்ள துப்பாக்கித் தொழிலாளியிடம் காட்டிவிடுவதே உத்தமம். உறை பின்புறமாக நீண்டு பிளந்தால், வாயு சுடுபவருடைய முகத்தை நோக்கித் திரும்பும். ஃபயரிங் பின் போல்ட்டின் முகத்துக்கு வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதையும் அளப்பது நல்லது: 0.028 முதல் 0.036 அங்குலம் வரை இருக்கலாம். குறைந்தால் வெடிக்காது, மிகுந்தால் தோட்டாவின் அடியிலுள்ள பிரைமரைத் துளைத்துவிடும்.

இவை யாவும் ஒழுங்காயிருந்தாலும், புதிய தொகுதியைத் தாராளமாக எண்ணெய் இட்டு, தாம் போட்டியில் பயன்படுத்தப்போகும் அதே வகைத் தோட்டாவைக் கொண்டு, நிதானமாகப் பலமுறை சுட்டுப் பார்த்து, நடுநடுவே வெளியே எடுத்துப் பற்களையும் திருகாணிகளையும் கவனித்த பிறகே போட்டி வரிசைக்குக் கொண்டுபோக வேண்டும். போல்ட்டின் பற்களும் குழல் வளையத்தின் பற்களும் ஒன்றை ஒன்று உராய்ந்து, தமக்குள் ஒரு பொருத்தத்தை ஏற்படுத்திக்கொண்டு தேய்பவை. ஆகவே, இரண்டு ரைபிள்கள் வைத்திருப்பவர் துடைக்கும்போது போல்ட்டுகளை மாற்றிப் போட்டுவிடாமல், அந்தந்தப் போல்ட்டை அந்தந்தக் குழலோடு அடையாளமிட்டு வைத்துக்கொள்வது நல்லது; குழல் தேய்ந்து புதுக்குழல் போடும் நாளில், பழைய போல்ட் பார்வைக்கு எவ்வளவு நன்றாயிருந்தாலும், புதுக்குழலுக்குப் புதுப் போல்ட்டையே வாங்கி, அளவுகோல்களை மறுபடியும் வைத்துப் பார்த்துப் பொருத்திக்கொள்ள வேண்டும்.